ஒரு பழைய மாரியோ கேம் 11 கோடி ரூபாயா? ரெட்ரோ வீடியோ கேம் சந்தையில் நடப்பது என்ன?

2021 ஜூலை 11. அமெரிக்காவின் டாலஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு வீடியோ கேம் ஏலத்துக்கு வந்தது. பெயர் 'சூப்பர் மாரியோ 64'. 1996-ல் நின்டெண்டோ வெளியிட்ட கேம். பெட்டி பிரிக்கப்படவில்லை, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட கிழியவில்லை. ஏலம் முடிந்தபோது விலை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 11.6 கோடி ரூபாய்!

இரண்டு நாள் முன்புதான் அதே நிறுவனத்தின் ஏலத்தில் 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போய், ஏலத்தில் அதிக விலைக்கு விற்ற கேம் என்ற பெயரை வாங்கியிருந்தது. அந்தப் பெயர் இரண்டே நாள்தான் நிலைத்தது.

இதில் வேடிக்கை என்னன்னா, சூப்பர் மாரியோ 64 ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. உலகம் முழுக்க 1 கோடிக்கும் மேல் விற்ற கேம் அது. பெட்டி இல்லாமல், விளையாடித் தேய்ந்த கார்ட்ரிட்ஜ் இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் கேம் இரண்டிலும் ஒன்றுதான். அப்படின்னா அந்த 11 கோடி எதற்கு?

கேமுக்கு இல்லை. அது பிரிக்கப்படாமல் இருந்ததற்கு. இன்னும் சரியாகச் சொன்னால், 'இது இவ்வளவு நன்றாக இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்த மதிப்பெண்ணுக்கு.

யார் சேகரிப்பாளர், யார் ஊக வணிகர்?

பழைய கேம் வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. விளையாடுவதற்காக வாங்குபவர்கள் ஒரு பக்கம். சிறு வயதில் வைத்திருந்ததை மறுபடி கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இன்னொரு பக்கம். அடுத்து சேகரிப்பாளர்கள். நின்டெண்டோவின் என்இஎஸ் கருவிக்கு அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக வந்தவை 700-க்குக் கொஞ்சம் குறைவான கேம்கள். ஒன்றுவிடாமல் சேர்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்கில் அலைபவர்கள் இவர்கள்.

ஊக வணிகர் வேறு. அவருக்கு மாரியோ பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று 100 ரூபாய்க்கு வாங்கியதை அடுத்த வருடம் 300 ரூபாய்க்கு வாங்க ஓர் ஆள் வருவாரா என்பதுதான் அவரது ஒரே கணக்கு. நிலம், தங்கம், கிரிப்டோ மாதிரி இதுவும் அவருக்கு ஒரு சரக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனா நிஜத்தில் இந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக இல்லை. இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை விற்று அந்தக் காசில் அடுத்ததை வாங்கும் சேகரிப்பாளர்கள் ஏராளம். விலை ஏறும்போது வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே, தன் அலமாரியில் இருப்பதன் மதிப்பை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

உண்மையிலேயே அரியவையும் இருக்கின்றன

எல்லா விலையையும் பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990-ல் நின்டெண்டோ அமெரிக்காவில் ஒரு போட்டி நடத்தியது. அதற்காகத் தயாரித்த கார்ட்ரிட்ஜ்களில் வெளியே வந்தவை சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. அவ்வளவுதான். இனி ஒன்றுகூடக் கூடப்போவதில்லை.

'ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்' இன்னொரு கதை. 1987-ல் பண்டாய் நிறுவனம் வெளியிட்டது. காலால் மிதித்து விளையாடும் பாய் ஒன்றுடன் ஓட வேண்டிய ஓட்டப்பந்தய கேம். அந்தப் பாயின் உரிமையை நின்டெண்டோ வாங்கியதும், அதே கேமை வேறு பெயரில் வெளியிட்டுவிட்டு, பழைய பெயரில் இருந்தவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் யார் யார் கைக்குப் போனதோ அவை மட்டும் மிச்சம். விளையாட்டாகப் பார்த்தால் சுமாரான கேம்தான். ஆனால் முழு செட் சேர்க்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் கடைசிச் சுவர் அது.

இந்த மாதிரிப் பொருளுக்கு விலை ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. கோடிப் பிரதி விற்ற கேமையும் 'அரிய பொருள்' ஆக்க முடியும் என்று கண்டுபிடித்த இடத்தில்!

மதிப்பெண் போட்டால் விலை ஏறுமா?

அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் கிரேடிங். நாணயம், காமிக்ஸ், பேஸ்பால் கார்டு என்று அமெரிக்காவில் ஏற்கெனவே பழகிய முறை. கேமை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பெட்டியின் மூலை மடங்கியிருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா, உறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பிளாஸ்டிக் உறைக்குத் தனியாக ஏ, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்று எழுத்து. பிறகு கெட்டியான கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்து மூடி, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

11 கோடிக்குப் போன மாரியோவின் மதிப்பெண் 9.8, உறைக்கு ஏ பிளஸ் பிளஸ். போட்டது 'வாட்டா கேம்ஸ்' என்ற நிறுவனம். 2017-ல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேலையை ஆரம்பித்தது. கேம்களுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் பெரிய ஏல நிறுவனங்களின் மேடைக்கு கேம்கள் ஏறியது வாட்டாவுக்குப் பிறகுதான்.

கிரேடிங்கால் நன்மையே இல்லையா? இருக்கிறது. பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றி 'சீல் பிரிக்கவே இல்லை' என்று ஏமாற்றுபவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க விவரம் தெரிந்த ஒரு கண் வேண்டும். ஆனால் அதே மதிப்பெண், கேமைத் தொட்டே பார்க்காத ஒருவரையும் தைரியமாகப் பணம் போட வைத்தது. தங்கத்துக்கு ஹால்மார்க் மாதிரி. ஒரே வித்தியாசம், தங்கத்துக்கு மார்க்கெட் விலை தினமும் வெளிவரும். ஒரு கேம் 9.8 மதிப்பெண்ணில் உலகத்தில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கை வாட்டா தன் ஆரம்ப ஆண்டுகளில் வெளியிடவே இல்லை. அப்போது பணம் போட்டவர்கள், எத்தனை பேரிடம் இதே பொருள் இருக்கிறது என்று தெரியாமலேயே போட்டார்கள்.

71 லட்சத்திலிருந்து 14 கோடி வரை

விலை ஏறிய வேகத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' பிரதி ஒன்று 1,00,150 டாலருக்கு விற்றது. சுமார் 71 லட்சம் ரூபாய். 1985-ல் நியூயார்க்கில் நின்டெண்டோ வெள்ளோட்டம் பார்த்த காலத்தைச் சேர்ந்த வகை. பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி மூடிய பெட்டி. அந்த அளவில் நிஜமாகவே அரியதுதான். சேர்ந்து வாங்கிய மூவரில் ஒருவர் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் இணை நிறுவனர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2020 ஜூலையில் அதே கேமின் வேறொரு பிரதி 1,14,000 டாலர். நவம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' 1,56,000 டாலர். 2021 ஏப்ரலில் மறுபடி முதல் மாரியோ, இந்த முறை 6,60,000 டாலர். 1986-ல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி, மேசை டிராயரில் வைத்து மறந்தே போன பிரதி அது. ஜூலையில் ஜெல்டா, மாரியோ 64. ஆகஸ்டில் இன்னொரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 20 லட்சம் டாலருக்கு விற்றதாக அறிவிப்பு வந்தது. அதாவது 14 கோடிக்கும் மேல்.

கடைசியாகச் சொன்னது ஏலம்கூட இல்லை. 'ரேலி' என்ற நிறுவனம் 2020-ல் அந்த கேமை 1,40,000 டாலருக்கு வாங்கி, கம்பெனி பங்கு மாதிரி சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்றிருந்தது. ஒரு கேமில் கொஞ்சூண்டு பங்கு! பங்கு வைத்திருந்தவர்கள் யாரும் அந்தப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதில்லை, விளையாடப் போவதும் இல்லை. ஊக வணிகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

ஏன் சரியாக அந்த நேரத்தில்? கொரோனா. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். பழைய நினைவுகளைத் தேடினார்கள். அமெரிக்காவில் அரசு கொடுத்த நிவாரணப் பணமும் பலர் கையில் இருந்தது. போகிமான் கார்டு, என்எப்டி, கிரிப்டோ என்று எதைத் தொட்டாலும் ஏறிய காலம் அது.

கிளம்பிய குற்றச்சாட்டு

2021 ஆகஸ்டில் கார்ல் ஜாப்ஸ்ட் என்ற யூடியூபர் நீண்ட வீடியோ ஒன்றை வெளியிட்டார். மதிப்பெண் போடுபவர்களும் ஏலம் விடுபவர்களும் தங்களுக்குள் நெருக்கமாக இருந்துகொண்டு, செய்திகள் மூலம் விலையைச் செயற்கையாக ஏற்றினார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. 2019-ல் அந்த மாரியோவை வாங்கிய மூவர் யார் என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். வாட்டா, ஹெரிடேஜ் இரண்டுமே இதை மறுத்தன. 2022 மே மாதம் வாட்டாவின் வாடிக்கையாளர்கள் சிலர், சந்தையை வளைத்ததாகவும், சொன்ன நாளுக்குள் கேமைத் திருப்பித் தரவில்லை என்றும் கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு. ஆனால் சதி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மதிப்பு அதிகமான கேமுக்குக் கிரேடிங் கட்டணமும் அதிகம். விலை ஏறினால் ஏல நிறுவனத்தின் கமிஷனும் ஏறும். விற்பவருக்கும் லாபம். சாதனை விலை என்றால் ஊடகங்களுக்கும் தலைப்புச் செய்தி. விலை இறங்க வேண்டும் என்று நினைக்க அந்த அறையில் ஒருத்தர்கூட இல்லை.

சாதாரண ஆளுக்கு என்ன பாதிப்பு?

'கோடீஸ்வரர்கள் கோடிக்கு வாங்குகிறார்கள், நமக்கென்ன?' என்று கேட்கலாம். இந்தச் சந்தையில் இரண்டு மாடிகள் இருக்கின்றன. மேல்மாடியில் சீல் பிரிக்காத, மதிப்பெண் போட்ட பெட்டிகள். கீழ்மாடியில் விளையாடுவதற்கான பழைய கார்ட்ரிட்ஜ்கள். மேலே விழும் பணம் நேராகக் கீழே வருவதில்லை. ஆனால் சத்தம் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் வீட்டு வாசலில் பழைய சாமான் போட்டு விற்பது வழக்கம். முன்பு அங்கே ஒரு பெட்டி நிறைய கேம்களை 20 டாலருக்கு அள்ளிக்கொண்டு போகலாம். '11 கோடி' செய்தி டிவியில் வந்த பிறகு அதே வீட்டுக்காரர் செல்போனை எடுத்து விலை தேடுகிறார். பழைய பொருள் விற்கும் தொண்டு நிறுவனக் கடைகள் கேம்களை அலமாரியில் வைக்காமல் ஆன்லைன் ஏலத்துக்கு அனுப்புகின்றன. கடைக்காரர்களும் இணையத்தில் விலைப் பட்டியல் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஆக, எல்லோருக்கும் எல்லா விலையும் தெரியும். மலிவாகக் கிடைப்பது என்பதே காலியாகிவிட்டது.

அடி பலமாக விழுவது குறைவாக அச்சான கேம்கள் மேல். ஒரு கருவியின் கடைசிக் காலத்தில் வரும் கேம்களைக் கம்பெனிகள் கொஞ்சமாகத்தான் தயாரிக்கும், மக்கள் புதுக் கருவிக்கு மாறியிருப்பார்கள் என்பதால். இந்த வகை கேம் இணையத்தில் மொத்தம் பத்துப் பதினைந்துதான் விற்பனைக்கு இருக்கும். ஓர் ஆள் நினைத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, அடுத்த வாரம் அவரே புது விலை வைக்கலாம். பதுக்கல்தான், வேறென்ன? அரிசியிலும் வெங்காயத்திலும் நாம் பார்க்காததா! அங்கே தட்டிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. இங்கே இல்லை.

விலை ஏறிய இடத்தில் போலியும் வந்துவிடும். கேம்பாய் கருவிக்கான போகிமான் கார்ட்ரிட்ஜ்களில் போலி ஏராளம். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். பத்து மணி நேரம் விளையாடிச் சேமித்தது ஒரு நாள் திடீரென்று அழிந்துபோகும்போதுதான் தெரியும்.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு

எல்லாப் பழியையும் ஊக வணிகர்கள் தலையிலேயே கட்டுவது நியாயம் இல்லை. 2016 நவம்பரில் நின்டெண்டோ, 30 பழைய கேம்கள் அடங்கிய குட்டி என்இஎஸ் கருவியை 60 டாலருக்கு வெளியிட்டது. சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. வாங்கிப் பதுக்கியவர்கள் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அடுத்த ஏப்ரலிலேயே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2018-ல் மறுபடி கொண்டுவந்ததும் பதுக்கியவர்களின் ஆட்டம் அடங்கியது. 2020-ல் மாரியோ 64 உட்பட மூன்று கேம்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தபோது, '2021 மார்ச் 31 வரைதான் விற்போம்' என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தட்டுப்பாட்டைக் கம்பெனியே உண்டாக்கினால், பதுக்குபவருக்குக் கொண்டாட்டம்தானே?

2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையையும் நின்டெண்டோ மூடியது. அங்கே மட்டுமே கிடைத்த கேம்களைக் காசு கொடுத்து வாங்க இனி வழியில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்கிறது அது. நூலகத்தில் வைத்திருக்கும் இந்தக் கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கேட்டார்கள். கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் அனுமதி மறுத்துவிட்டது.

அதாவது, கம்பெனியும் விற்காது, நூலகமும் வெளியே கொடுக்க முடியாது. மிச்சம் இருக்கும் பழைய கார்ட்ரிட்ஜ்தான் ஒரே சட்டப்படியான வழி. அதைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி 'முதலீடு' என்கிறார்கள்.

குமிழி உடைந்ததா?

2022-லிருந்து மேல்மாடி அடங்கத் தொடங்கியது. காரணம் எளிது. ஒரு பெட்டிக்குக் கோடி என்று செய்தி வந்தால், பரணில் இருக்கும் பெட்டிகளெல்லாம் கீழே இறங்கும். மேசை டிராயரில் ஒன்று தூங்கியிருந்தால், இன்னும் எத்தனை டிராயர்களில் எத்தனை தூங்கியிருக்கும்? மதிப்பெண் வாங்கிய பிரதிகள் கூடக் கூட, 'இது மட்டும்தான்' என்ற பேச்சு எடுபடவில்லை.

அமெரிக்கா இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 1992-ல் சூப்பர்மேன் இறந்துபோகும் காமிக்ஸ், கறுப்பு பிளாஸ்டிக் உறையில் வந்தது. பிற்காலத்தில் பெரிய விலை போகும் என்று பிரிக்காமலேயே வாங்கி அடுக்கினார்கள். லட்சக்கணக்கானோர் அதையே செய்ததால் அது அரிய பொருளாகவே ஆகவில்லை. அந்தக் காமிக்ஸ் மோகம் சரிந்ததில் 1996 கடைசியில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட வேண்டியதாயிற்று.

குப்பைக்குப் போனது பணமான கதையும் உண்டு. 1983-ல் விற்காத கேம்களை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்தார்கள். நசுங்கி, மண் ஒட்டிய அந்த கேம்களை ஊர் நிர்வாகம் இணையத்தில் ஏலம் விட்டது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஆனால் குப்பையில் புதையாத சாதாரண அட்டாரி கார்ட்ரிட்ஜ் பல, சில டாலருக்கே கிடைக்கும். காசு கொடுத்தது கேமுக்கா, கதைக்கா?

உங்கள் வீட்டு கேசட்டுக்கு விலை உண்டா?

90-களில் நம்மூர் வீடுகளில் ஓடிய 'டிவி கேம்' நினைவிருக்கும். மாரியோ, கான்ட்ரா, '9999 இன் 1' என்று எழுதிய மஞ்சள் கேசட். உள்ளே இருந்ததோ திரும்பத் திரும்ப வரும் அதே கொஞ்சம் கேம்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோ தயாரித்தவை அல்ல, அதன் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். எனவே பரணில் கிடந்தால் லட்சம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள், அது போதும்.

வெளிநாட்டு அசல் கேம் எதையாவது வாங்க நினைத்தால், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே விற்று முடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பார்க்கும் வசதி இபே தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், கொடுத்தது எவ்வளவு என்பதுதான் விலை. முடிந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் போட்டோவைக் கேளுங்கள். போலி பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். பழைய கார்ட்ரிட்ஜ் என்றால் பேட்டரி மாற்றப்பட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பேட்டரி என்றதும் அந்த ஜெல்டா. விளையாடியதைச் சேமிப்பதற்காக அதன் தங்க நிறக் கார்ட்ரிட்ஜுக்குள் வட்டமான சின்ன பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போன பிரதி 1987-ம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே அந்த பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் உறையைப் பிரிக்க வேண்டும்.